பாலைவனத்தில் ஒன்றுமில்லாததால்தான் ஒரே கடவுள் பிறந்தாரா?

"பாலைவனத்தில் மணலைத் தவிர ஒன்றும் இல்லாததால்தான் ஒரே கடவுள் என்ற எண்ணம் அங்கே தோன்றியது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாலைவனத்தைப் படத்தில் மட்டுமே பார்த்தவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கு மதத்தவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் திருகோணமலையில் வளர்ந்த எனக்கு, முகநூலில் சிலர் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றைப் "பாலைவன மதங்கள்" என்று ஏளனமாக எழுதுவதைக் காணும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. நான் எங்கள் ஊர்ச் சிவனான கோணேசரை வணங்கும் சைவன். எவருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கருத்துப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் எர்னெஸ்ட் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை எழுதிப் பரப்பினார். ஆனால் அதே அரேபிய மண்ணில் இஸ்லாத்துக்கு முன்னர் லாத், உஸ்ஸா, மனாத் ஆகிய பெண் தெய்வங்கள் வணங்கப்பட்டதைக் குர்ஆனே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியாவின் தார் பாலைவனத்திலோ 1485இல் ஜாம்பேசுவரர் என்ற குரு தோற்றுவித்த பிஷ்ணோய் நெறி, பச்சை மரத்தை வெட்டலாகாது என்பதைத் தன் 29 விதிகளுள் ஒன்றாக வைத்தது. 1730இல் சோத்பூர் அரசரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது, கேஜர்லி என்ற ஊரில் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார்கள். அவர்கள் காத்தது வன்னி மரம், அதாவது பாண்டவர் தம் ஆயுதங்களை மறைத்துவைத்ததாகச் சொல்லி விசயதசமியில் நம்மவர் வணங்கும் அதே மரம். மணல் ஒன்றாக இருந்தும் நம்பிக்கை ஒன்றாக இல்லை.

நான் அமீரகத்தில் வீதி அமைக்கும் நிறுவனமொன்றில் நில அளவை உதவியாளனாக இருந்தேன். எங்கள் வாகனச் சாரதி பெசாவர்ப் பக்கத்துப் பெரியவர், நான் அவரைக் கான் பாய் என்றே அழைப்பேன். ஒருநாள் வாகனம் மணலில் புதைந்து, உதவி வர மாலையாகும் என்று தெரிந்தபின், பீப்பாயின் அடியில் கொஞ்சம் தண்ணீரே மிஞ்சியிருந்தது. தொழுகை நேரம் வந்ததும் அவர் அதைத் தொடவில்லை. வன்னி மர நிழலில் குந்தி, இரு உள்ளங்கைகளையும் தரையில் ஒருமுறை தட்டி, ஒட்டிய மணலை ஊதிவிட்டு, முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டார். தொழுது முடித்து வந்து, குவளையில் தண்ணீர் வார்த்து முதலில் என்னிடமே நீட்டினார். தொழுகைக்கு முன் நீரால் கைகால் முகம் கழுவ வேண்டும், குடிக்க மட்டுமே நீர் இருக்குமானால் அதற்குப் பதிலாகச் சுத்தமான மண்ணால் தயம்மும் என்ற தூய்மையைச் செய்துகொள்ளலாம் என்பது அவர்களது மார்க்கச் சட்டம்.

அன்று எனக்குத் தோன்றியதே இன்றும் என் கருத்து: பாலைவனத்தில் மனிதர் புனிதமாகக் கொண்டது வெறுமையை அன்று, வெறுமைக்கு நடுவே கிடைத்த நீரை. தாகத்தால் அழுத குழந்தைக்காக இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா அம்மையார் மக்காவில் ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கும் இடையே ஓடிய ஓட்டத்தையே ஹஜ்ஜுக்குச் செல்வோர் இன்றும் ஏழு முறை நடக்கிறார்கள். அந்த ஓட்டத்தின் முடிவில் கிடைத்தது ஸம்ஸம் என்ற நீரூற்று. எகிப்தைவிட்டு வெளியேறிய இஸ்ரவேலர் மாரா என்ற இடத்தின் கசப்பு நீரைக் கண்டு முறுமுறுத்ததும், பின்னர் ஏலிம் என்ற இடத்தில் 12 நீரூற்றுகளையும் 70 பேரீச்ச மரங்களையும் கண்டதும் வேதாகமத்தில் எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்கின்றன. தாகத்தில் தவித்தவர்களுக்குத்தான் ஊற்றுகளை எண்ணத் தோன்றும். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்று சம்பந்தர் பாடிய ஊரில் பிறந்த எனக்கு, அந்தக் கணக்கின் அருமை விளங்க அமீரகம் போக வேண்டியிருந்தது.

தமிழருக்குப் பாலை அந்நியம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே வேட்டுவர் வணங்குவது கொற்றவையை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கிணறுகளில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கும்போது, ஐப்பசி மழைக்காக அம்மன் கோயிலில் நேர்த்தி வைப்பவர்களுக்கு, வறட்சியில் நீரே புனிதமாவது விளங்காமல் போகாது.

தனிமையையும் மௌனத்தையும் தேடிப் பாலைவனத்துக்குப் போன துறவிகளை மறந்துவிட்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். மறக்கவில்லை. எகிப்தில் சுமார் 251இல் பிறந்த வனத்து அந்தோணியார் மனிதரைவிட்டு விலகித்தான் போனார். ஆனால் செங்கடலுக்கு அருகே அவர் இறுதியாகத் தங்கிய மலையடிவாரத்தில் ஓர் ஊற்றும் சில பேரீச்ச மரங்களும் இருந்தன. தம்மைத் தேடிக் களைத்து வருவோருக்குக் கொடுப்பதற்காக அவர் அங்கே மரக்கறித் தோட்டம் போட்டார் என்று அவரது வரலாற்றை எழுதிய அத்தனாசியார் குறிப்பிடுகிறார். அவர் பெயரிலான மடாலயம் இன்றும் அந்த மலையடிவாரத்தில் இயங்குகிறது.