பழைய சிட்டி வீடெக்குக்கு வீட்டு வாசல்லயே டைமிங் பெல்ட்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

பழைய வண்ணாரப்பேட்டையில எங்க வீட்டு வாசல்லயே என்னோட 2001 ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் காருக்கு மூணாவது தடவையா டைமிங் பெல்ட் மாத்தி முடிச்சேன், அதுல இருந்து ஆளாளுக்கு கேட்டுக்கினே இருக்கீங்க. பிஸ்டன் சுத்தி விடுற தண்டு கிராங்க், வால்வ திறந்து மூடுற தண்டு கேம், ரெண்டையும் ஒத்துப்போய் ஓட வைக்கிற பல்லு வச்ச ரப்பர் பெல்ட் தான் டைமிங் பெல்ட். எனக்கு கைப்பழக்கத்துல தெரிஞ்சத சொல்றேன்.

வியாசர்பாடி தம்பி: அண்ணா, வண்டி 62,000 கிலோமீட்டர் தான் ஓடியிருக்கு. லட்சத்துல மாத்துனா போதும்னு மெக்கானிக் சொல்றாரு. இப்பவே ஏன் கைய வைக்கணும்?

பெல்ட்ட கடைசியா எப்ப மாத்துனாங்க தம்பி? பில் இருக்கா? இல்லன்னா அது கம்பெனி போட்ட பெல்ட்டுனே வச்சிக்கோ, அப்ப அதுக்கு இருபது வயசுக்கு மேல ஆவுது. ரப்பருக்கு ஓடுனா மட்டும் இல்ல, சும்மா நின்னாலும் வயசாகும், நம்ம ஊரு வெயில்ல கேக்கவே வேணாம். இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், கிராங்க் சுத்திக்கினே இருக்கும், திறந்து நிக்கிற வால்வுல பிஸ்டன் போய் இடிக்கும், வால்வு வளையும், அப்புறம் எஞ்சின் மேல் பாகமான ஹெட்ட கழட்டி பட்டறைக்கு தூக்கிக்கினு ஓடணும். அறுந்துபோற பெல்ட் முன்னாடியே சத்தம் போட்டு சொல்லும்னு நம்பாத, பெரும்பாலும் சொல்லாது.

ராயபுரம்: தலைவா, பெல்ட்ட எடுக்க முதல்ல கழட்டணுமே, அந்த கிராங்க் புல்லி போல்ட் அசையவே மாட்டேங்குது. போல்ட்ல நீளமான இரும்பு பார் மாட்டி, அத வண்டி சட்டத்துல முட்டு குடுத்து ஒரு செல்ஃப் அடிச்சா கழண்டுடும்னு பக்கத்துல சொல்றாங்க, செய்யலாமா?

ஐயோ, இந்த வண்டிக்கு மட்டும் அத செஞ்சிடாதீங்க! மத்த எஞ்சின் பெரும்பாலும் வலப்பக்கமா, கடிகார முள்ளு மாதிரி சுத்தும், அதனால அங்க அந்த வித்தை பலிக்கும். நம்ம எஞ்சின் இடப்பக்கமா சுத்துற ஜாதி. போல்ட் மரையோ சாதாரண மரை தான். இரும்பு பாருக்கு முட்டு குடுத்துட்டு செல்ஃப் அடிச்சா போல்ட் கழலாது, இன்னும் இறுகும், சட்டத்தையும் நசுக்கிடும். எந்தப் பக்கம் சுத்துதுன்னு குழப்பமா இருந்தா இடது முன் சக்கரத்துக்கு எதிர்ல நின்னு பாருங்க, வண்டி முன்னாடி போறப்ப சக்கரம் எப்படி சுத்துமோ கிராங்க்கும் அப்படித்தான் சுத்தும். நீங்க கையால சுத்துறப்பவும் அந்தப் பக்கமே சுத்துங்க.

சரியான வழி என்னன்னா, புல்லி நடுவுல 50 மில்லிமீட்டர் அறுகோணமா ஒரு பள்ளம் இருக்கும், அதுல உக்கார்ற ஹோல்டர் வேணும். கடையில கிடைக்கலன்னா அளவ எடுத்துக்கினு லேத் பட்டறைக்கு போங்க, வடசென்னையில லேத்துக்கா பஞ்சம், ஒரு அறுகோணத்த கடைஞ்சு நடுவுல சாக்கெட் போக ஓட்டை விட்டு நீளமான பட்டை ஒண்ணு வெல்டிங் அடிச்சு குடுத்துடுவாங்க. ஹோல்டர் புல்லிய புடிச்சிக்கும், நீங்க நல்ல சாக்கெட்ல நாலடி பைப் போட்டு நிதானமா உடம்பு வெயிட்ட குடுங்க. கடல்காத்துல துரு ஏறியிருக்கும், முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு விட்டுடுங்க. திரும்ப மாட்டுறப்ப 180 நியூட்டன் மீட்டர் கிட்ட இறுக்கணும், எவ்வளவு இறுக்கம்னு காட்டுற டார்க் ரென்ச் இல்லாம குத்துமதிப்பா வேணாம்.

எர்ணாவூர்: 2023 டிசம்பர் புயல்ல எங்க தெருவுல தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்துச்சு, கார் பாதி சக்கரம் வரைக்கும் முங்கி நின்னுச்சு. பெல்ட்ட பாக்கணுமா?

பாக்குறது என்ன, மாத்திடுங்க. மிக்ஜாம் அப்போ அந்த எண்ணெய் சுவத்துல படிஞ்சத நானே பாத்தேன், மீனவ ஜனங்க பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது. கிராங்க் பக்கம் பெல்ட் கவர் உயரம் கம்மி, தண்ணி உள்ள போயிருக்கலாம். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, பெல்ட்ட இறுக்கி புடிக்கிற டென்ஷனரோட பேரிங்ல இருக்கிற கிரீஸும் போயிருக்கும். பெல்ட், டென்ஷனர் ரெண்டுமே புதுசா போடுங்க.

பெரம்பூர் தங்கச்சி: அப்பாவோட கார் அண்ணா, அவர் ஞாபகமா வச்சிருக்கேன். பெல்ட் மாத்துனதுல இருந்து ஐடில் நடுங்குது, இழுவையும் இல்ல.

ஒரு பல்லு தப்பி உக்காந்திருக்கும்மா, நிறைய பேருக்கு நடக்கிறது தான். கிராங்க் புல்லியில தனியா ஒரு வெள்ளை கோடு இருக்கும், பக்கத்துல கோடுங்க கூட்டமா இருக்கிறதுல நடுவுல ஒரு சிவப்பு கோடு இருக்கும். சிவப்பு இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடுற நேரம் பாக்க, வெள்ளை தான் டிடிசி, அதாவது முதல் பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம். பெயிண்ட் போயிருந்தா ஜனங்க சிவப்ப வச்சி செட் பண்ணிடுறாங்க. புல்லிய கழட்டுன பிறகு உள் பல்சக்கரத்து மார்க்க ஆயில் பம்ப் மேல இருக்கிற அம்புக்குறிக்கு நேரா வைங்க. கேம் பல்சக்கரத்துல 'அப்'னு எழுதினது உச்சியில நிக்கணும், ரெண்டு பக்க கோடும் ஹெட் மேல்மட்டத்தோட ஒட்டி நேரா வரணும். அதுவரைக்கும் வண்டிய விரட்டாதம்மா. அப்பா வண்டி, நிதானமா பண்ணிடலாம்.

தண்டையார்பேட்டை: டென்ஷனுக்கு விரலால அமுக்கி பாத்தா போதுமா?

போதாது. பெல்ட் மாட்டினதும் கிராங்க்க அஞ்சாறு சுத்து கையால சுத்தி உக்கார விடுங்க, டிடிசிக்கு கொண்டு வாங்க, டென்ஷனர் போல்ட்ட அரை சுத்து தளர்த்துங்க, கேம் பல்சக்கரம் மூணு பல்லு நகர்ற அளவு இடப்பக்கமா சுத்தி அங்கயே 44 நியூட்டன் மீட்டர்ல இறுக்குங்க. அப்புறம் மறுபடி டிடிசிக்கு வந்து மார்க்க பாருங்க. வாட்டர் பம்பும் இதே பெல்ட்ல தான் ஓடுது, கையோட அதையும் கேம் சீல், கிராங்க் சீலையும் மாத்திடுங்க. எஞ்சின தாங்குற இடது பக்க மவுண்ட் பெல்ட்டுக்கு குறுக்க வரும், அத கழட்டுறதுக்கு முன்னாடி ஆயில் சம்புக்கு கீழ மரக்கட்டை வச்சி ஜாக்கி குடுங்க. வண்டிய ஜாக்கியில மட்டும் நிறுத்திட்டு கீழ போயிடாதீங்க, ஸ்டாண்டு போட்டே ஆகணும், எங்க சந்துல தரை சரிவு, நான் கல்லும் வச்சிடுவேன்.

மூலக்கடை: புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில பெல்ட் மலிவா கிடைக்குதே?

கவர், புல்லி, ஹோல்டர் இதெல்லாம் அங்க பாத்து எடுங்க. பெல்ட், டென்ஷனர், சீல் மட்டும் பழசு வேணாம்.

செங்குன்றம்: வால்வு கிளியரன்ஸும் சேத்து பாத்துடலாமா? மே மாசம் தான் எனக்கு லீவு.

வால்வுக்கும் அத தள்ளுற ராக்கருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தான அது, பாத்துடுங்க, வால்வு கவர் எப்படியும் கழட்டியாச்சு. ஆனா ஹெட் 38 டிகிரிக்கு கீழ இருக்கணும், மே மாசத்துல நம்ம ஊர்ல மத்தியானம் காத்தே அதுக்கு மேல போயிடும்! ராத்திரி வண்டிய நிறுத்திட்டு விடிகாலை அஞ்சு மணிக்கு ஆரம்பிங்க. நீங்க சோழவரம் பக்கம் தான, பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்துல எங்கப்பா என்ன தோள்ல தூக்கிக்கினு வந்திருக்காரு, எனக்கு வண்டி ஆசை அங்க தான் புடிச்சது.

கொருக்குப்பேட்டை: சனிக்கிழமை ஆரம்பிச்சா திங்கக்கிழமை வேலைக்கு வண்டி ரெடியாயிடுமா?

முதல் தடவைன்னா திங்கக்கிழமை பஸ்ல போயிடுங்க. சாவி போடுறதுக்கு முன்னாடி கிராங்க்க கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க, எங்கயாவது கெட்டியா தட்டுச்சுன்னா பலத்த போடாதீங்க, அங்கயே நிறுத்திட்டு மறுபடி மார்க்ல இருந்து பாருங்க.