பக்கத்து வீட்டு அப்பத்தாவின் மணிக்கட்டில் ஒரு தடம்: யாரிடம் சொல்வது?

கேள்வி: மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. பக்கத்து வீட்டில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். சொந்தம் இல்லை என்றாலும் அப்பத்தா என்றுதான் கூப்பிடுவேன். மகன் விசைப்படகில் போகிறார். மருமகள் விடியற்காலையில் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். அதுவரை வெளியே பூட்டுதான். சன்னல் பக்கம் போனால், "ரெண்டு நாளா சோறு போடலத்தா" என்கிறார். கையெல்லாம் ஊதாத் திட்டுகள். போன வாரம் மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அழுத்தியது போல ஒரு தடம் பார்த்தேன். கிட்டே போனால் ஒரு நாற்றம். முதியோர் பணம் எடுக்கும் கார்டு பேரனிடம் இருக்கிறது. வீட்டையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இது கொடுமையா, வயசுக் கோளாறா? நான் வாயைத் திறந்தால் ஊர்ப்பகை ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

மருத்துவர் பதில்: கொடுமையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, தங்கச்சி. பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டியவரிடம் சொன்னால் போதும். விசாரிப்பது அவர்கள் வேலை. ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் உங்கள் பேச்சுக்கு வலு வரும். அதனால் நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஊதாத் திட்டு. வயதாக ஆகத் தோல் மெலிந்துவிடும், அடியில் இருக்கும் ரத்தக்குழாய்களுக்குத் தாங்கல் போய்விடும். கட்டில் சட்டத்தில் லேசாக இடித்தாலே புறங்கையிலும் முன்கையின் மேல்பக்கத்திலும் ரத்தம் கட்டும். இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். ஆகவே முன்கைத் திட்டை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். கையின் உள்பக்கம், மேல்கை, கழுத்து, காதுக்குப் பின்னால், முதுகு, உள்தொடை, இங்கெல்லாம் கன்றிப்போயிருந்தால் கதை வேறு. விழுகிறவர் அந்த இடங்களில் அடிபட்டுக்கொள்வது அபூர்வம். விரல்கள் பதிந்த மாதிரி வரிசையாக இருந்தால் யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று, காயத்தின் நிறத்தைப் பார்த்து எத்தனை நாளானது என்று சொல்ல முடியாது. மருத்துவர்களாலும் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் நீங்கள் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள்.

மணிக்கட்டைச் சுற்றிய தடம் விழுந்து வருவதில்லை. அது கட்டியதால் வருவது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான்.

கட்டிப்போடுகிற வீடுகள் எல்லாம் கொடூரமான வீடுகள் என்று நான் சொல்லவில்லை. மறதி நோய் வந்த பெரியவர் வெளியே இறங்கிக் கடல் பக்கம் நடந்துவிடுவாரோ என்ற பயத்தில் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிலோடு கட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. நோக்கம் எதுவானாலும் ஆபத்து ஒன்றுதான். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இதை யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வெளியே பூட்டிய வீட்டுக்குள் கையைக் கட்டிய கிழவி இருந்தால், அடுப்பில் ஒரு பொறி விழுந்தாலும் அதே நிலைமைதான்.

அப்புறம் சோறு. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. மறதி நோய் உள்ளவர்கள் சாப்பிட்ட கையைக் கழுவும் முன்னே "எனக்குச் சோறே போடலை" என்பார்கள். காசைத் திருடிவிட்டாள், நகையை எடுத்துவிட்டாள் என்பார்கள். மருமகள்மார் பலர் இந்தப் பேச்சால் ஊரில் தலைகுனிந்து நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனவே பேச்சை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். வளையல் முன்பு மணிக்கட்டில் நின்றது, இப்போது முழங்கை வரை ஏறுகிறதா? ரவிக்கை தொளதொளவென்று தொங்குகிறதா? நாக்கும் உதடும் காய்ந்து வெடித்திருக்கின்றனவா? கை எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கிறதா? தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்துக் குறைவு என்று சொல்வது வயதானவர்களிடம் பலிக்காது, அவர்கள் தோல் எப்போதும் மெதுவாகத்தான் திரும்பும். தண்ணீர் வைக்காததற்கு ஒரு காரணமும் உண்டு: குடித்தால் நனைப்பார், நனைத்தால் மாற்ற ஆள் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே செய்வார்கள். சிறுநீரகத்துக்கு அந்த எண்ணம் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரண்டே நாளில் குழம்பிப் போனால் அது வயசும் இல்லை, மறதி நோயும் இல்லை. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, உடம்பில் உப்புக் குறைவு, இப்படி ஏதோ ஒன்று. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் கிருமித்தொற்று முற்றிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். எந்நேரமும் மயங்கித் தூங்கிக்கொண்டே இருந்தால், காலையில் கிளம்பும் முன் யாராவது தூக்க மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்களா என்றும் சந்தேகிக்க வேண்டும்.

நாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்திர வாடை ஒரு விதம். அழுகிய வாடை என்றால் படுக்கைப்புண். இடுப்புக்குக் கீழே வால் எலும்பின் மேல், குதிகாலில், இடுப்பின் பக்கவாட்டில் வரும். முதலில் சிவப்பு, அழுத்தினால் வெளுக்காது, பிறகு தோல் உரியும், பிறகு குழி. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் இது வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது சொல்வதுபோல் சுலபமில்லை. புண் வந்ததா என்பதை விட, வந்த புண்ணை யாரிடமாவது காட்டினார்களா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. கறுத்த குழியோடு இருப்பவரை "இன்னிக்குத்தான் பார்த்தோம்" என்று கொண்டுவந்தால் நம்ப முடியாது.

இனி என்ன செய்வது? மருமகளிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். வெறும் கவனக்குறைவு என்றால் "மதியம் வரை நான் பார்த்துக்கிறேன், சாவியைக் கொடுத்துட்டுப் போங்க" என்று கேட்டுப் பார்க்கலாம். பாசிக்குப் போகும் பெண்ணின் பாடு உங்களுக்கே தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்து மாமியாருக்கு மலம் அள்ளுகிறவளுக்கு ஒரு கை உதவி கிடைத்தால் வீடே மாறலாம். ஆனால் அடி, கட்டு என்று சந்தேகம் இருக்கும் இடத்தில் நேரில் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், அதற்கான கூலி அன்று ராத்திரி அப்பத்தாவுக்குக் கிடைக்கும்.

நான் சொல்லும் வழி இது. உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண்ணிடமோ காதோடு சொல்லுங்கள். 2021 முதல் நடக்கும் திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கவும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கவும் வீட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள். பிரஷர் பார்க்க வந்தவரை யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். பட்டை சுற்ற முழுக்கையையும் காட்ட வேண்டி வரும், புரட்டிப் பார்த்தால் முதுகும் தெரியும். பார்த்தது செவிலியர், எழுதியது செவிலியர். உங்கள் பெயர் எதற்கு வரப்போகிறது?

அப்பத்தாவிடம் தனியாகப் பேசக் கிடைத்தால் "அடிக்கிறாங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள். பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி அது, தலையை ஆட்டி மறுத்துவிடுவார். என் அறைக்கு வரும் பெரியவர்களிடம் நான் எதைக் கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையே பதில் சொன்னால், பிள்ளையை ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு லேபுக்கு அனுப்பிவிடுவேன். கதவு சாத்திய பிறகு, "ராத்திரி நல்லாத் தூங்குனியளா? யாரு சோறு தர்றா? வீட்ல யாரையாச்சும் கண்டா பயமா இருக்கா?" என்பேன். மூன்றாவது கேள்விக்கு முந்தானை கண்ணுக்குப் போகும். அவர் தெளிவாக இருந்து, "போலீசு வேணாத்தா, எம் மவன் செயிலுக்குப் போயிருவான்" என்று சொன்னால் அந்த விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். புண்ணுக்கு மருந்து போடுவதற்கு அது தடையில்லை. தெளிவில்லாதவர் என்றால் அவருக்காக நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டிய எண் 14567. முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. இது போலீஸ் இல்லை; ஆலோசனை சொல்வார்கள், தேவைப்பட்டால் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். பெண் என்பதால் 181-க்கும் பேசலாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நேர்ந்தால் "விழுந்துட்டாங்க" என்று நீங்களாக ஒரு கதை சொல்லாதீர்கள். "எப்படி என்று தெரியவில்லை, இந்தத் தேதியில் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், மருத்துவர் எழுதுவது பின்னால் சாட்சியாக நிற்கும். போட்டோ எடுத்தால் உங்கள் போனோடு இருக்கட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு அந்த அம்மாவின் மானத்தையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

கார்டும் வீடும் என் துறை இல்லை, அறிந்த வரை சொல்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. 60 வயது ஆனவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். உங்களுக்கு ராமநாதபுரம் கோட்டம். அவரால் முடியாவிட்டால் அவர் சொல்லும் ஆள் கொடுக்கலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை போட முடியும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்து செய்யச் சொல்லிக் கேட்க 23ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கு மாறும். பத்திர நகலோடு இலவசச் சட்ட உதவி எண் 15100-இல் கேளுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலரும் இதற்கு உதவுவார். கார்டு பேரனிடம் இருப்பது மட்டுமே தப்பில்லை, நடக்க முடியாதவருக்கு யாராவது எடுத்துத்தான் வர வேண்டும். அந்தப் பணம் மாத்திரையாகவும் பாலாகவும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

மணிக்கட்டுத் தடத்தைப் பார்த்து ஏற்கனவே ஒரு வாரம் ஓடிவிட்டது. நாளைக் காலை எட்டு மணிக்கு 14567-க்குக் கூப்பிடுங்கள். ஊர், தெரு, வீட்டு அடையாளம், பூட்டிக் கிடக்கும் நேரம், தடம் பார்த்த தேதி, இவ்வளவு சொன்னால் போதும். அதற்கு முன்பே சன்னலில் நின்று கூப்பிட்டுக் குரல் வரவில்லை என்றாலோ, உள்ளே புகை கண்டாலோ, எட்டு மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். 112-ஐ அழுத்துங்கள், பூட்டை உடைக்க நாலு பேரைக் கூப்பிடுங்கள்.