பச்சைக் குழந்தைக்கு சுன்னத்: வடசென்னைப் பெற்றோரின் கேள்விகள்

ஐந்தாறு வயது வரை காத்திருக்காமல், பிறந்த கையோடு சுன்னத் (ஆண்குறியின் முன்தோலை நீக்குவது) முடிப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் பிரச்சினை வராது. அரிதாக வருவதைப் பற்றிய கேள்விகளுக்கு, குழந்தைகள் நல மருத்துவராக என் பதில்கள்.

மண்ணடியிலிருந்து ஒரு பாட்டி: பேரன் பாதி சுன்னத் ஆகியே பிறந்திருக்கான். மீதியை எப்போ எடுக்கலாம்?

இப்போது தொடவே வேண்டாம், அம்மா. முன்தோல் மேல்பக்கம் மட்டும் குல்லா போலத் திரண்டு, கீழே இல்லாமல் இருந்தால், சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கலாம். ஹைப்போஸ்பேடியாஸ் என்போம். அதைச் சரிசெய்யும்போது சிறுநீர்ப் பாதை அமைக்க அந்தத் தோல்தான் பல நேரம் கைகொடுக்கும். முதலிலேயே வெட்டிவிட்டால் வேலை கடினமாகிவிடும். ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். பொதுவாக 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வார்கள். சுன்னத்தும் அதோடு முடியலாம்.

தண்டையார்பேட்டைத் தாய்: என் தம்பிக்குப் பல் பிடுங்கினால்கூட ரத்தம் நிற்காது. குழந்தைக்குச் செய்யலாமா?

நல்லவேளை, கேட்டீர்கள். தாய்மாமனுக்கு அப்படி என்றால் ரத்தம் சரியாக உறையாத பிறவி நோயான ஹீமோபிலியாவா என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் கத்தி வைக்கவே கூடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் இது வரும். ஹீமோபிலியா குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான். பிறந்ததும், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்றும் பாருங்கள். 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 250 மில்லி அளவுதான். பெரியவர்களுக்குச் சொட்டாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. ஐந்து, பத்து நிமிடம் சுத்தமான துணியால் அழுத்தியும் கசிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வியாசர்பாடித் தந்தை: மூன்றாம் நாள் நுனியில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. சீழா?

பெரும்பாலும் புண் ஆறுகிற படலம்தான். தேய்த்து எடுக்காதீர்கள், பவுடர், சாம்பல் எதுவும் போடாதீர்கள். புண்ணைச் சுற்றிய சிவப்பு நிறம் அடிவயிறு, விதைப்பை வரை பரவினால், தோல் கறுத்தால், காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால் அன்றே காட்டுங்கள். சதையை அழிக்கும் தொற்று மிக அரிது, ஆனால் மணிக்கணக்கில் பரவும்.

காசிமேடு: கட்டுப் போட்டதிலிருந்து சிறுநீரே போகவில்லை.

கட்டு இறுக்கமாக இருக்கலாம். 8 மணி நேரம் தாண்டினால் காத்திருக்காதீர்கள்.

ராயபுரம்: மரத்துப்போக களிம்பு தடவிய பிறகு உதடு நீலமாகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். களிம்பில் உள்ள பிரிலோகெய்ன், ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கக்கூடும். களிம்பைத் துடைத்துவிட்டு, டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.