அணிக்கு எதற்குத் தனிப் பட்டம்?

கேள்வி: கார் பந்தயத்தில் உயிரைப் பணயம் வைப்பவர் ஓட்டுநர்தான். 1950-ல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி தொடங்கியபோது பட்டமும் அவருக்கு மட்டுமே இருந்தது. பிறகு அணிகளுக்கும் ஒரு சாம்பியன் பட்டம் சேர்த்தது கம்பெனிகளின் விளம்பரத்துக்குத்தானே?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. அணிப் பட்டம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட 1958-ஐ எடுத்துப் பாருங்கள்.

அந்த வருடம் ஓட்டுநர் பட்டம் வென்றவர் ஃபெராரியின் மைக் ஹாதார்ன். அவர் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். நான்கு பந்தயங்களை ஜெயித்த ஸ்டர்லிங் மாஸ், 42-க்கு 41 என்று ஒரு புள்ளியில் தோற்றார். கடைசிப் பந்தயம் மொராக்கோவின் காசாபிளாங்காவில். வான்வால் காரில் மாஸ் முதலாவதாக வந்தார். அதிவேகச் சுற்றுக்கான புள்ளியையும் எடுத்தார். அதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? ஆனால் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த ஃபெராரி ஓட்டுநர் பில் ஹில் வேகத்தைக் குறைத்து ஹாதார்னுக்கு வழிவிட்டார். அந்த இரண்டாமிடத்தால்தான் பட்டம் ஹாதார்னுக்குக் கிடைத்தது. தனிமனிதர் பட்டம் என்று நீங்கள் சொல்வதே அணி சேர்ந்து வாங்கிக் கொடுத்ததுதான்.

வான்வாலுக்கு வருவோம். பேரிங் தயாரித்துச் சம்பாதித்த டோனி வாண்டர்வெல் என்ற ஆங்கிலேயரின் அணி அது. சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, வடிவமைத்தவர் காலின் சாப்மன். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் அந்த உடல் ஃபிராங்க் காஸ்டினுடையது. 1958-ல் மாஸ் மூன்று (அவருடைய இன்னொரு வெற்றி கூப்பர் காரில்), டோனி புரூக்ஸ் மூன்று என்று வான்வால் கார் ஆறு பந்தயங்களை ஜெயித்தது. முதல் அணிப் பட்டமும் வான்வாலுக்கே. அணிப் பட்டம் இல்லாதிருந்தால் சாம்பியன்கள் பட்டியலில் இவர்கள் யாருக்கும் இடமில்லை.

உயிரைப் பணயம் வைப்பது பற்றிச் சொன்னீர்கள். வான்வாலின் மூன்றாவது ஓட்டுநர் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ். அதே காசாபிளாங்காவில் எஞ்சின் இறுகி, கார் தடத்தை விட்டு விலகித் தீப்பிடித்தது. தீக்காயங்களோடு ஆறு நாள் போராடி இறந்துபோனார். பெல்ஜியத்திலும் போர்ச்சுகலிலும் அவர் மூன்றாவதாக வந்திருந்தார். அந்தப் புள்ளிகள் அணிக் கணக்கில் ஏறவில்லை. ஒவ்வொரு அணியிலும் முன்னால் வந்த ஒரு காருக்கு மட்டுமே அப்போது அணிப் புள்ளி. இந்த அநியாயம் 1979-ல்தான் நீங்கியது. அதன்பிறகே இரண்டு கார்களின் புள்ளிகளும் சேர்ந்தன. அணிப் பட்டத்தைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. பட்டம் காரைச் செய்தவருக்குப் போகிறது. காரைப் பந்தயத்தில் இறக்கியவருக்கு அல்ல. 1960 மொனாக்கோவில் லோட்டஸ் காருக்கு முதல் வெற்றி தேடித் தந்தது ராப் வாக்கர் என்ற தனியாரின் அணி. புள்ளி லோட்டஸுக்கு. 1969-ல் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் காரை இரவு பகலாகப் பராமரித்தவர்கள் கென் டிரெல்லின் ஆட்கள். பட்டத்தில் இருக்கும் பெயர் காரைச் செய்த மாத்ரா. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விளம்பரம் என்கிறீர்கள். பரிசுப் பணமே அணிகளின் தரவரிசையைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. ஒரு படி இறங்கினால் கோடிக்கணக்கில் நஷ்டம். பட்டறையில் வேலை செய்பவர்களின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. ஃபோர்ஸ் இந்தியாவுக்கு நடந்தது நினைவிருக்கும். 2016, 2017 இரண்டு வருடமும் நான்காம் இடம் பிடித்த அணி. 2018 நடுவில் கடனில் மூழ்கிக் கைமாறியதும், புது அணி என்று சொல்லி, 12 பந்தயங்களில் சேர்த்த 59 புள்ளிகளையும் அழித்துவிட்டார்கள். ஓட்டுநர்கள் பெரெஸ், ஓகான் இருவரின் புள்ளிகளிலும் கை வைக்கவில்லை. அதே கார், அதே பட்டறை, அதே ஆட்கள். மீதி ஒன்பது பந்தயங்களில் பூஜ்யத்திலிருந்து 52 புள்ளிகள் எடுத்து ஏழாம் இடத்துக்கு வந்தார்கள். இரண்டையும் கூட்டினால் 111. அந்த வருடம் ஐந்தாம் இடம் பிடித்த ஹாஸ் எடுத்தது 93.