கோபுரப் படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: டவுனில் ஒரு அல்வாக் கடைக்குப் புது அட்டைப்பெட்டி டிசைன் செய்து கொடுத்தேன். கூகுளில் கிடைத்த நெல்லையப்பர் கோயில் கோபுரப் படத்தை மூடியில் வைத்தேன். சிவகாசியில் அச்சாகிப் பெட்டிகள் கடைக்கும் வந்துவிட்டன. இப்போது படம் எடுத்தவர் போன் செய்து பணம் கேட்கிறார். கோயில் எல்லாருக்கும் பொதுதானே, அவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கொடுக்கத்தான் வேண்டும் தம்பி. கோபுரம் பொது என்பது சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே, கட்டடத்தையும் பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தையும் யார் வேண்டுமானாலும் படம் எடுத்து வெளியிடலாம் என்று இருக்கிறது. நீங்களே கேமராவோடு போய் எடுத்திருந்தால் ஒருவரும் கேட்க முடியாது. ஆனால் அவர் எடுத்த படம் அவருடைய படைப்பு. ரத வீதியில் கூட்டம் சேருவதற்கு முன்னால் போய், கரண்டு கம்பியும் பேனரும் குறுக்கே விழாத கோணம் தேடி நின்றவரின் உழைப்பு அது. அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்தப் படத்துக்கு உரிமை உண்டு. அவர் எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, படத்தின் ஓரத்தில் பெயர் போட்டிருக்க வேண்டியதும் இல்லை. கூகுள் படம் எங்கே இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான்.

ஜங்ஷன் பக்கம் டிசைன் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இதில் வருத்தம் அதிகம். அட்டைக்கும் மைக்கும் லேமினேஷனுக்கும் கேட்ட காசைக் கொடுக்கிறோம். பெட்டியைப் பார்த்ததும் கண்ணில் படுகிற படத்துக்கு மட்டும் கொடுக்க மனம் வருவதில்லை. நம் டிசைனை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டால் சும்மா இருப்போமா?

தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இது முகம் கொடுத்துப் பேசினால் தீரக்கூடிய விஷயம்தான். இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். எத்தனை பெட்டி அடித்தீர்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பேசி முடியும் வரை மீதிப் பெட்டிகளை வெளியே விடாதீர்கள். கடைக்கார அண்ணாச்சியிடமும் மறைக்க வேண்டாம். பெட்டியை விற்கிறவர் அவர், வழக்கு என்று வந்தால் அவரையும் இழுக்கும்.

தொகை முடிவானதும் எழுதி வாங்குங்கள். எந்தப் படம், அல்வாப் பெட்டிக்கு மட்டுமா, கடை போர்டுக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில் என்று எல்லாம் அதில் வர வேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நம்மூர் அல்வா துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறதே, அதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், அடுத்த வேலைக்குக் காசு கட்டிப் படம் வாங்குவதாக இருந்தாலும் உரிமத்தை முழுக்கப் படியுங்கள். படம் விற்கும் தளங்களின் சாதாரண உரிமத்தில் பொதுவாக அந்தப் படத்தை லோகோ ஆக்க முடியாது. ‘எடிட்டோரியல்’, அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும், என்று குறித்த படத்தை விளம்பரத்தில் தொடவே கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். வீட்டில் இருக்கும் பழைய காலண்டர் சாமி படத்தை ஸ்கேன் செய்து போடலாமா?
– வாசகர், களக்காடு

பதில்: வரைந்தவர் யார் என்று முதலில் பாருங்கள். ரவி வர்மா இறந்தது 1906இல். அவர் ஓவியங்களை இன்று யாரும் பயன்படுத்தலாம். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் அதிகம் மாட்டியிருப்பது கோவில்பட்டிப் படங்கள். அங்கே இருந்து வரைந்த கொண்டையராஜு காலமானது 1976இல். கணக்குப் பார்த்தால் 2036 முடியும் வரை அவர் படங்களுக்கு உரிமை இருக்கிறது. அவருடைய சீடர்கள் பலர் அவருக்குப் பின்னும் வரைந்தார்கள், அந்தப் படங்களுக்கு இன்னும் நீளும். காலண்டர் மஞ்சளாகிப் போனதாலேயே உரிமை போய்விடாது.

பூசாரியிடமும் நிர்வாகத்திடமும் கேட்டுக்கொண்டு, உங்கள் அம்மனையே அலங்காரத்தோடு படம் எடுங்களேன். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் போகும்போது, அவர்கள் பார்க்க ஆசைப்படுவது அந்த முகத்தைத்தான்.

கேள்வி: கூந்தன்குளம் பறவைகள் பற்றிப் பள்ளிக்கு ஒரு கையேடு தயாரிக்கிறேன். விக்கிமீடியா காமன்ஸில் உள்ள நாரைப் படத்தில் ‘சிசி பிஒய்-எஸ்ஏ 4.0’ என்று இருக்கிறது. எடுக்கலாமா?
– வாசகி, நாங்குநேரி

பதில்: எடுக்கலாம் டீச்சர், விற்கிற புத்தகத்தில்கூடப் போடலாம். அந்த எழுத்துகள் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற உரிமத்தின் சுருக்கம்; படம் எடுத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதன் இணைப்பு, வெட்டியிருந்தால் ‘வெட்டப்பட்டது’ என்ற குறிப்பு, இவை படத்தின் கீழே இருக்க வேண்டும். படத்தை மாற்றினால் மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். உரிமத்தின் பெயரில் ‘என்சி’ என்று சேர்ந்திருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது. ‘என்டி’ என்றால் மாற்றி வெளியிடக் கூடாது.

கேள்வி: என் மகள் கல்யாணப் படத்தை ஸ்டூடியோக்காரர் எங்களைக் கேட்காமல் தன் விளம்பர பேனரில் போட்டிருக்கிறார். எடுத்தவர் அவர்தானே, நாங்கள் கேட்க முடியுமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அம்மா. கோபுரப் படத்துக்கு மேலே சொன்னது அவராகவே போய் எடுத்த படத்துக்கு. உங்கள் விஷயம் வேறு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அட்வான்ஸ் கொடுத்தபோது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா, அதில் விளம்பரத்துக்கு அனுமதி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேனரைக் கழற்றச் சொல்லி நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு நகலில் அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேனரைப் போட்டோ எடுத்து வைக்கவும் மறக்க வேண்டாம்.