பாட்டு டீச்சருக்கும் டிராமா சாருக்கும் எப்படி நன்றி சொல்றது?

வணக்கம் அக்கா,

என் பையன் இந்த வருஷம் ஸ்கூல் முடிக்கிறான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குத் திக்கும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வாயத் தொறக்க பயந்து கைய மட்டும் தூக்குவான். ஆறாவதுல பாட்டு டீச்சர் கோரஸ்ல சேத்தாங்க, அங்க ஒரு எடத்துலகூட திக்காம பாடுனான், நான் அழுதுட்டேன். கடைசி வரைக்கும் கோரஸ்ல இருந்தான். அப்புறம் டிராமா சார். மொதல்ல பேச்சே இல்லாத விளையாட்டா ஆட விட்டாராம், எதிர்ல நிக்கிறவன் கைய தூக்குனா இவனும் தூக்கணும். பிறகு பேசுற வேஷமே குடுத்தாரு. ரிகர்சல்ல இவன் திக்கி நின்னப்ப மத்த பசங்க வார்த்தைய எடுத்துக் குடுக்கப் போனாங்களாம், சார் "அவன் சொல்லட்டும்"னு தடுத்துட்டாராம். ரெண்டு பேருக்கும் கிஃப்ட் குடுக்கலாம்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு அது பத்தாதுன்னு தோணுது. என்ன செய்யலாம்?

ஒரு அம்மா

வணக்கம்மா,

உங்க லெட்டர ரெண்டு மூணு தடவ படிச்சேன். திக்குற நெறைய பேருக்குப் பாடும்போதும், பல பேரோட சேந்து ஒண்ணா வாசிக்கும்போதும் வார்த்தை தடங்கல் இல்லாம வரும். பாட்டுல தாளம் முன்னாடியே இருக்கு, மூச்சு எங்க எடுக்கணும்னு தெரியும், ஒரு எழுத்து நீண்டு அடுத்ததோட ஒட்டிக்கிட்டே போகும், என்ன சொல்றதுன்னு யோசிக்க வேண்டியதில்ல. பாட்டு முடிஞ்சா பேச்சு பழையபடிதான், அது வைத்தியம் இல்ல. ஆனா தன் குரல் தங்குதடையில்லாம வெளிய வர்றத அந்தப் பிள்ளை தன் காதால கேட்டுட்டான் பாருங்க, அத அந்த டீச்சர்தான் அவனுக்குக் குடுத்திருக்காங்க.

இன்னொண்ணு, அவன் கடைசி வரைக்கும் கோரஸ்ல இருந்தான்னு போற போக்குல எழுதிட்டீங்க. எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. பசங்களுக்கு குரல் உடையற வயசுல குரல்நாண் நீண்டு தடிச்சு, குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழ எறங்கும், நடுவுல எந்த சுரத்துல நிக்கும்னே சொல்ல முடியாது, அப்ப வெக்கப்பட்டு பாட்டையே விட்டுட்டுப் போறவங்க எத்தனையோ பேரு. ஏற்கனவே தன் வாய நம்பாத ஒரு பையன் அந்த சமயத்துலயும் நின்னிருக்கான்னா, சுருதிய எறக்கி, அவனுக்கு எட்டுற வரிய மட்டும் குடுத்து அந்த டீச்சர் பாத்துக்கிட்டிருக்கணும். அவன்கிட்ட கேட்டுப் பாருங்க.

சார் ஆட வச்சது கண்ணாடி விளையாட்டு. வயோலா ஸ்போலின்னு ஒரு அம்மா சிகாகோல, குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைங்களோட வேலை செஞ்சப்ப இந்த மாதிரி நாடக விளையாட்டுகள உருவாக்குனாங்க, 1963ல அது புத்தகமாவும் வந்துச்சு. ஒருத்தன் அசைவான், எதிர்ல நிக்கிறவன் அப்படியே செய்வான், போகப்போக யாரு யாரப் பாத்து செய்யறாங்கன்னே தெரியாது. வார்த்தையே வேணாம், எதிராளியோட கண்ணப் பாத்து நின்னா போதும். பேச்சுக்கு முன்னாடி அந்த தைரியத்த வரவச்சுட்டுத்தான் வசனத்த கையில குடுத்திருக்காரு. அப்புறம் காத்திருந்தாரு பாருங்க, அத்தன பசங்க முன்னாடி, ரிகர்சல் நேரம் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு பிள்ளையோட வார்த்தைக்காக சும்மா நிக்கிறது எல்லாராலயும் ஆகாது. பெத்தவங்க நாமளே பாதியில முடிச்சு விட்டுடுவோமே.

கிஃப்ட் குடுங்க, தப்பில்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, "உங்க சேவைக்கு நன்றி"ன்னு பொதுவா இல்லாம எனக்கு எழுதுனத அப்படியே எழுதுங்க, கை தூக்குனது, கோரஸ், "அவன் சொல்லட்டும்"னு சொன்னது எல்லாம். தலைமையாசிரியருக்கும் ஒரு காப்பி குடுங்க. கணக்கு டீச்சர் என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு மார்க் ஷீட் பாத்தா தெரியும், இவங்க ரெண்டு பேரும் செஞ்சதுக்கு எந்தக் காகிதத்துலயும் எடமில்ல. அதனாலதான் பரீட்சை நெருங்குனா மொதல்ல பாட்டு பீரியடத் தூக்கிடறாங்க, பணம் பத்தலன்னா மொதல்ல இந்த வேலைகள்லதான் கை வைக்கிறாங்க, அப்ப பெத்தவங்க கைப்பட எழுதுன லெட்டர் ஃபைல்ல இருந்தா அந்த டீச்சருக்கு எடுத்துக் காட்ட ஒண்ணாவது இருக்கும். கோரஸ்ல இருந்த மத்த பிள்ளைங்களோட அம்மா அப்பாகிட்டயும் சொல்லி எழுத வைங்க. அடுத்த வருஷ டைம்டேபிள் போடறதுக்கு முன்னாடி அது ஆபீஸுக்குப் போய்ச் சேரட்டும்.

உங்க பையனும் தனியா எழுதட்டும். என்ன எழுதணும்னு நீங்க சொல்லிக்குடுக்காதீங்க.

அன்புடன்,
அக்கா