கொழும்புல ஸ்கூல் கிடைக்கும், அதுக்கு அப்புறம்தான் விஷயமே

திருச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: வீட்டுக்காரருக்குக் கொழும்புக்கு மாற்றல், வெள்ளவத்தையில வாடகை எவ்வளவு, சாமான் என்னென்ன கொண்டு வரணும், அஞ்சு வயசுப் பையனுக்கு ஆட்டிசம், ஸ்கூல் கிடைக்குமா?

வாடகையை புரோக்கர் சொல்லிடுவார். சாமானும் பெரிய விஷயமில்லை, இட்லி அரிசி முதல் பட்டுப்புடவை வரைக்கும் எல்லாம் வெள்ளவத்தை மெயின் ரோடான காலி வீதியிலேயே (Galle Road) கிடைக்குது. நான் ஸ்கூலைப் பத்தித்தான் பேசப்போறேன். என் பையனும் கிட்டத்தட்ட இதே வயசுலதான் இங்க வந்தான். இப்ப என்னைவிட உயரம்.

ஸ்கூல் கிடைக்கும். நம்மள மாதிரி விசாவுல வர்றவங்களுக்குப் பெரும்பாலும் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான், காசு கட்டினா சேர்த்துக்குவாங்க. சேர்த்த பிள்ளையை வெச்சுக்குவாங்களாங்கறதுதான் கேள்வி. நாங்க முதல்ல போன இடத்துல (பேரு எதுக்கு) அட்மிஷன் அன்னிக்கு ஒரே சிரிப்பு, "எங்ககிட்ட எல்லா வகைப் பிள்ளைங்களும் இருக்காங்க மேடம்". கட்டின பணம் திரும்ப வராத பணம். அடுத்த டேர்ம்லயே ஷேடோ டீச்சர் (கிளாஸ்ல பிள்ளை கூடவே இருந்து உதவறவங்க) வேணும், சம்பளம் நீங்கதான் கொடுக்கணும்னு வந்து நின்னாங்க. கொடுத்தோம். ஒரு நாள் சொல்லாம சீக்கிரமா போய்ப் பார்த்தேன். உள்ள எல்லாரும் பாட்டுப் பாடறாங்க, இவன் வராந்தாவுல மத்தப் பிள்ளைங்க ஷூவையெல்லாம் சைஸ் வாரியா அடுக்கிட்டு இருக்கான். சின்னதுல ஆரம்பிச்சுப் பெருசு வரைக்கும், ஒண்ணுகூட கோணல் இல்லை. ஷேடோ அம்மா போன்ல. அந்த வரிசையைப் பார்த்தாவது இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும்னு ஒருத்தருக்கும் தோணலை.

அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க: ஷேடோ டீச்சர் யார், கிளாஸுக்குள்ள எவ்வளவு நேரம், சத்தம் தாங்காம காதைப் பொத்தினா எங்க கூட்டிட்டுப் போவாங்க, பாதியில வேண்டாம்னு சொன்னா பணம் என்ன ஆகும். தனிநபர் கல்வித் திட்டம்னு ஒண்ணு போட்டுத் தருவாங்க. அதுல "தொடர்பாடல் மேம்படும்"னு எழுதியிருந்தா திருப்பிக் கொடுங்க. "பாத்ரூம் போகணும்னா கார்டைக் காட்டுவான்"னு எழுதியிருக்கணும், அப்பத்தான் டேர்ம் முடிவுல நடந்துச்சா இல்லையான்னு கேட்க முடியும். பிள்ளைக்கு என்னன்னு மறைச்சுச் சேர்க்கிறவங்களும் இருக்காங்க. மாட்டிக்கிறது பிள்ளைதான்.

அடுத்தது, யாராவது ஒருத்தர் "இனிமே வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழின்னா குழம்பிடுவான்"னு நிச்சயம் சொல்லுவாங்க. கேட்காதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு இன்னும் தள்ளிப்போறதில்லைன்னு ஆய்வுகள் சொல்லியாச்சு. தமிழை நிறுத்திட்டா உங்க மாமியார் அவன்கிட்ட என்ன பேசுவாங்க? தமிழ்ல வேலை செய்யற ஸ்பீச் தெரபிஸ்ட் இங்க குறைவு, அதனால வந்ததுமே பேரைப் பதிஞ்சு வைங்க. ராகமையில களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோட சேர்ந்து 'ஆயதி'ன்னு மாற்றுத்திறனுள்ள பிள்ளைங்களுக்கான ஒரு நிலையம் இருக்கு, பொரளையில லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு இடத்துலயும் விசாரிங்க.

நம்ம ஊர்க்காரங்க சிலர் இதெல்லாம் வேண்டாம்னு லீவுக்கு லீவு சென்னைக்குப் பறந்து ஒரு மாசம் தெரபி பண்ணிட்டு மீதி வருஷம் டேப்லெட்டைக் கையில கொடுத்து உட்கார வெச்சிருப்பாங்க. விருந்தாளி வந்தா ரூமுக்குள்ள. ஸ்டெம் செல்லுக்கு லட்சக்கணக்குல கொட்டினவங்களையும் தெரியும். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாதுன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே (ஐ.சி.எம்.ஆர்) சொல்லியிருக்கு. பக்கத்து பிளாட் அன்ரியோட மகள் டொரொண்டோவுல, "அங்க போனா எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கும்"பாங்க. டொரொண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல ஆட்டிசம் உதவிக்குக் காத்திருக்கிற வரிசையைப் பத்தி அவங்க மகள்கிட்டயே கேட்டா தெரியும்.

வீடு பார்க்கும்போது ஒண்ணே ஒண்ணு. வெள்ளவத்தையில கடல் பக்கத்து ஒழுங்கைங்க (சந்துங்க) நேரா மெரின் டிரைவ்ங்கற கடலோர ரோட்டுக்கு இறங்கும். அதைத் தாண்டினா ரயில் பாதை, அதுக்கு அந்தப் பக்கம் கடல். கதவு திறந்திருந்தா ஓடற பிள்ளைன்னா, அதுலயும் தண்ணியும் ரயிலும்னா உயிர்ங்கற பிள்ளைன்னா, காலி வீதிக்குக் கடல் இல்லாத பக்கமே பாருங்க. எந்தப் பக்கம்னாலும் கதவுக்கு மேல ஒரு தாழ்ப்பாள் போட்டுடுங்க. கடல் காத்து வேணும்னா சாயங்காலம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்.

இங்க பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா லீவு. வாரத்து நடுவுல திடீர்னு ஸ்கூல் இல்லைன்னா உங்க பையன் வீட்டை ரெண்டாக்கிடுவான். வருஷ ஆரம்பத்துலயே காலண்டர்ல போயாவையெல்லாம் ஒரே கலர்ல வட்டம் போட்டு, முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜ் கதவுல இருக்கிற ஸ்கூல் படத்தை எடுத்துட்டுக் கோவில் படத்தையோ கடல் படத்தையோ ஒட்டிடுங்க. மார்ச்ல ரோயல்-தோமியன் மாதிரி பிக் மேட்ச் (ஸ்கூலுங்களுக்குள்ள நடக்கிற பெரிய கிரிக்கெட் மேட்ச்) சீசன்: லொறியில பையன்கள், பப்பரேன்னு ஊதி அடிக்கிற பேண்ட், ஹாரன். ஏப்ரல் புத்தாண்டுக்கு வெடி. காதை மூடற ஹெட்போன் பழக்கம் இப்பவே ஆரம்பிச்சிடுங்க, ஃபிளைட்டுக்கும் உதவும்.

வந்த புதுசுல எனக்கு சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. பஸ்ல அவன் கத்தினா "அனே பவ்"னு எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க, அது பரிதாபம்னு மட்டும் புரியும். நம்மாளுங்க "டிரைவர் இருக்கார், வேலைக்காரி இருக்கா, எதுக்கு சிங்களம்"னு சிரிச்சாங்க. நான் கடைக்காரப் பையன்கிட்டயே உட்கார்ந்து கத்துக்கிட்டேன். இப்ப மகன் தனியா போய் மாரி பிஸ்கட் படத்தைக் காட்டுவான். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துட்டு, மிச்சக் காசை ஒவ்வொண்ணா மேசையில வெச்சு எண்ணிக் காட்டுவார். கையில மொத்தமா கொடுத்தா இவன் வாங்கமாட்டான்னு அவருக்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுத்ததுதான், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கறேன்.

டாக்டர் ரிப்போர்ட்டு எல்லாத்துக்கும் இங்கிலீஷ் காப்பி எடுத்துக்கோங்க. மருந்து ஏதாவது போயிட்டிருந்தா சீட்டுல பிராண்ட் பேரோட மருந்தோட உண்மையான பேரையும் எழுதி வாங்குங்க, அதே பிராண்ட் இங்க இருக்கும்னு நம்ப முடியாது. யுடிஐடி கார்டு (நம்ம ஊர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இங்க செல்லாது, ஆனாலும் கொண்டு வாங்க, ஊருக்குத் திரும்பினா வேணும்.